பாதியாகும் மருந்து

மருந்துப் பெட்டி வந்து, அளவுக் கருவியில் வைத்தபோது கதிரியக்க அளவைக் காட்டும் எண் கண்ணெதிரே இறங்கிக்கொண்டிருந்தது.

வண்டி நெரிசலில் மாட்டிக்கொண்டதாம். மருந்தில் இருக்கும் ஃப்ளூரின்-18 தானாகச் சிதையும் கதிரியக்க அணு, யாருக்காகவும் காத்திருக்காது. ஏறக்குறைய 110 நிமிடத்தில் பாதியாகிவிடும். என் மூளை ஆய்வுக்காகக் காலையிலிருந்து வெறும் வயிற்றோடு இருந்த தன்னார்வலரிடம், "இன்னும் கொஞ்ச நேரம்தான் அண்ணா" என்று சொல்லவே கூச்சமாக இருந்தது.

குளுக்கோஸ் போன்ற மூலக்கூறில் அதை இணைத்து ஊசி போடுகிறோம். உடல் எடையில் சுமார் 2 சதவீதமே உள்ள மூளை, ஆற்றலில் ஏறக்குறைய 20 சதவீதத்தைத் தின்றுவிடுகிறது. எந்தப் பகுதி அதிகம் தின்கிறதோ, அது பெட் ஸ்கேனில் (உடலுக்குள்ளிருந்து வரும் காமா கதிர்களைப் படமாக்கும் சோதனை) ஒளிரும்.

இரவு மெஸ்ஸில் அறைத்தோழியிடம் புலம்பினேன். அணுக்கரு வானியற்பியலில் ஆய்வு செய்பவள். சிரித்துவிட்டாள். அவளுடைய முனைவர் பட்டமும் இதே ஃப்ளூரின்-18-ஐ நம்பித்தான் இருக்கிறது.

எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெள்ளைக் குள்ள விண்மீனின் மேற்பரப்பில் ஹைட்ரஜன் சேர்ந்து வெடிப்பது நோவா. அந்த வெப்பத்தில் ஃப்ளூரின்-18 உருவாகிறது. புரோட்டான் மோதி அழியவும் செய்கிறது. எவ்வளவு மிஞ்சும்? அதுதான் அவள் கேள்வி. மிஞ்சியது சிதையும்போது 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமா கதிர்கள் எழும். என் ஸ்கேனர் பிடிப்பதும் அதே ஆற்றல்தான்!

நோவாவிலிருந்து வரும் அந்தக் கதிரை இதுவரை யாரும் உறுதியாகக் கண்டதில்லை. நோவா நம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் முன்பே காமா ஒளி உச்சத்தைத் தாண்டிவிடும் என்கின்றன கணக்குகள். செய்தி தெரிந்து கருவியைத் திருப்பினால், ஆட்டம் முடிந்திருக்கும்.

நானாவது அடுத்த வாரம் இன்னொருவருக்கு ஸ்கேன் எடுக்கலாம். அவளுக்கு அடுத்த நோவா எப்போது, எந்தத் திசையில் என்றே தெரியாது.

உதவித்தொகை மட்டும் இருவருக்கும் ஐந்தாண்டுதான்.