ராட்வைலர் வாங்கலாமா என்று கேட்ட அக்கா மகனுக்கு

போன வாரம் அக்கா மகன் போன் செய்து, "சித்தி, ராட்வைலர் நாய்க்குட்டி ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், வாங்கிடவா?" என்றான். அடுக்குமாடியில் இரண்டு அறை வீடு, நான்கு வயதுப் பெண் குழந்தை, அக்காவுக்கு மூட்டு வலி. ஒன்பது வருஷம் ராட்வைலர் வளர்த்தவள்தானே, உடனே சரி என்பாள் என்று நினைத்திருப்பான். வேண்டாம்டா என்றேன். போனில் முழுதாகச் சொல்ல முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ராட்வைலர் ப்ரூனோ தங்கமான பிள்ளை. அப்பாவின் நாற்காலிக்குக் கீழேயே கிடப்பான், பால்காரர், சிலிண்டர் போடுகிறவர் எல்லோரும் அவனுக்குப் பழக்கம். நான்கு வயது வரை ஒரு குறை சொல்ல முடியாது. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அண்ணன் மகள் உருட்டி விளையாடிய பந்து அவன் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றது, அவள் எடுக்கக் குனிந்தாள். ப்ரூனோ சாப்பிடுவதை நிறுத்தினான். தலையைத் தூக்கவில்லை, வாய் தட்டிலேயே இருந்தது, முதுகு மரக்கட்டை போல விறைத்துவிட்டது, கண்ணை மட்டும் ஓரமாகத் திருப்பினான், வெள்ளை விழி பிறை மாதிரி தெரிந்தது. உறுமல்கூட இல்லை. நான் அவன் பெயரை மெதுவாகச் சொல்லிக்கொண்டே குழந்தையைச் சட்டையோடு பிடித்துப் பின்னால் இழுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஏன் உறுமவில்லை தெரியுமா? குட்டியில் தட்டுக்குப் பக்கத்தில் போனால் உறுமுவான். மூக்கில் தட்டுங்கள், அடங்கிவிடும் என்று விற்றவர் சொன்னார், நாங்களும் பேப்பரைச் சுருட்டித் தட்டினோம். கோபம் போகவில்லை, அதை முன்கூட்டிச் சொல்கிற சத்தம் மட்டும் போய்விட்டது. போதாததற்கு அவனை 35 நாளில் தாயிடமிருந்து பிரித்துக் கொடுத்திருந்தார்கள். எட்டு வாரத்துக்கு முன் குட்டியை விற்கக் கூடாது என்று 2017-லேயே மத்திய அரசு விதி போட்டிருப்பது எனக்கு ரொம்பப் பிந்தித்தான் தெரிந்தது. கூடப்பிறந்த குட்டிகளோடு கடித்து விளையாடும்போதுதான், எவ்வளவு அழுத்தினால் அடுத்தவனுக்கு வலிக்கும் என்று நாய் கற்றுக்கொள்கிறது.

எல்லாம் வளர்ப்பில்தான் இருக்கிறது என்பார்கள். பாதி உண்மை. எதிர் வீட்டுப் பொமரேனியன் இதுவரை எத்தனை பேரைக் கடித்திருக்கும் என்று கணக்கே கிடையாது, விரலில் ஒரு பிளாஸ்திரி, ஒரு ஊசி, முடிந்தது. ராட்வைலர் ஜெர்மனியில் மாடு ஓட்டவும் வண்டி இழுக்கவும் வளர்த்த ஜாதி, ஆண் நாய் 50 கிலோவுக்கு மேல் போகும். அது ஒரே ஒரு தடவை தவறினால் போதும். அதிலும் நான்கு வயதுக் குழந்தையின் முகமும் கழுத்தும் சரியாக அதன் வாய் உயரத்தில் இருக்கும். 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர்கள் குதறியதில் காவலாளியின் ஐந்து வயது மகளுக்குத் தலையில் பலத்த காயம். அந்த நாய்களும் யாரோ ஒருவர் வீட்டில் செல்லமாக வளர்ந்தவைதான்.

அந்த மார்ச்சில்தான் மத்திய அரசு பிட்புல், ராட்வைலர் உட்பட 23 இனங்களைத் தடுக்கச் சொல்லி மாநிலங்களுக்குக் கடிதம் அனுப்பியது. சம்பந்தப்பட்டவர்களைக் கேட்கவில்லை என்று ஏப்ரலிலேயே கர்நாடக, டெல்லி உயர் நீதிமன்றங்கள் அதை ரத்து செய்தன. எனக்கும் பட்டியலில் பெரிய நம்பிக்கை இல்லை. நம் கோம்பை நாய் காட்டுப்பன்றியையே மறிக்கும், அதை வீட்டில் வைத்துக்கொண்டு ராட்வைலரை மட்டும் குறை சொல்லி என்ன பிரயோஜனம்?

நான் அவனிடம் கேட்டது இதுதான். நீ ஆபீஸ் போன பிறகு, லிஃப்டுக்குள் இன்னொரு நாயைப் பார்த்து அது பாய்ந்தால், அக்கா கையால் பெல்ட்டைப் பிடித்து நிறுத்த முடியுமா? காலையும் மாலையும் ஒரு மணி நேரம் நடக்க வைக்க உனக்கு நேரம் இருக்கிறதா? சாப்பாட்டை உள்ளே தனியாக வைத்துக் கதவைச் சாத்துவதை வீட்டில் எல்லோரும், வேலைக்கு வரும் அம்மா உட்பட, ஒரு நாள் தவறாமல் செய்வார்களா? நாங்கள் அந்த ஞாயிறுக்குப் பிறகு ஐந்து வருஷம் செய்தோம். விருந்தாளி வந்தால் அவன் உள்ளே, அவன் வெளியே வந்தால் குழந்தைகள் மாடியில். செய்ய முடியும், ஆனால் அது ஒரு முழு வேலை. ஊசி போட்ட நாய் கடித்தாலும் கால் மணி நேரம் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பதையும் சொல்லி வைத்தேன்.

"அப்போ நாயே வேண்டாமா சித்தி?" என்றான், குரலே இறங்கிவிட்டது. அப்படியில்லை. பாப்பா கொஞ்சம் வளரட்டும், குணம் தெரிந்த, வளர்ந்த நாயாகப் பார்த்து எடுக்கலாம் என்றேன். சனிக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு வருகிறான். இப்போது எங்களிடம் இருப்பது தெருவில் கிடந்து எடுத்து வந்த நாட்டு நாய், 14 கிலோதான், பரம சாது. அந்த நாயையும் முதல் அரை மணி நேரம் கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம்தான் நிறுத்தி வைப்பேன்.