பச்சைத் தட்டில் மஞ்சள் புள்ளிகள்

சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனை லேபில், நுண்ணுயிரியல் பிரிவில் வேலை பார்க்கிறேன். இங்கே காலரா அபூர்வம். பயிற்சி மாதிரிகளில் மட்டுமே பார்த்திருந்த கிருமியை, சேர்ந்த மூன்றாம் வருடம்தான் ஒரு நோயாளியின் மாதிரியில் கண்டேன். காலராக் கிருமியை வளர்த்துப் பார்க்கும் டி.சி.பி.எஸ். பிளேட் பச்சையாக இருக்கும். காலையில் எடுத்துப் பார்த்தால் அதில் மஞ்சள் மஞ்சளாகக் கிருமிக் கூட்டங்கள். வெளிநாடு போய்த் திரும்பியவர் என்று மட்டும் தெரியும். படிவத்தில் 'வயிற்றுப்போக்கு' என்று ஒரே சொல்.

வார்டிலிருந்து ஃபோன். கோட்ரைமாக்சசோல் (சல்ஃபமெத்தாக்சசோலும் டிரைமெத்தோபிரிமும் சேர்ந்த மருந்து) கொடுக்கலாமா என்று டாக்டர் கேட்டார். கல்லூரியில் படித்த பழைய பாடத்தை நம்பி, "கொடுக்கலாம்" என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்த சீனியர் அக்கா திரும்பிப் பார்த்தார். "டிஸ்க் வச்சாச்சாம்மா?" மருந்து ஊறிய சின்னக் காகித வில்லையைக் கிருமி மேல் வைத்து, மருந்து அதைத் தடுக்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. வைக்கவே இல்லை. உடனே வார்டுக்குத் திரும்ப அழைத்து, முடிவு வரும்வரை நான் சொன்னதை எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றேன். மறுநாள் அந்த டிஸ்க்கைச் சுற்றி, மருந்து வேலை செய்தால் தெரியும் வெற்று வளையமே இல்லை. கிருமி விளிம்புவரை வளர்ந்திருந்தது. அன்று எனக்கு வந்த பயம் இன்னும் நினைவிருக்கிறது.

அப்புறம் சாப்பாட்டு நேரத்தில் அக்கா 1992ஆம் ஆண்டைப் பற்றிச் சொன்னார். அப்போது அவர் மெட்ராஸில் படித்துக்கொண்டிருந்தார். அங்கே ஓ139 என்ற புது வகைக் காலரா கிளம்பியது. அதுவரை காலரா என்றாலே ஓ1 தான். அதற்கு எதிர்ப்புசக்தி பெற்றிருந்த பெரியவர்களையும் புதியது படுக்கவைத்தது. மெட்ராஸில் எடுத்த ஓ139 கிருமி ஒன்றில்தான் பின்னர் எஸ்.எக்ஸ்.டி. என்ற மரபணுத் தொகுப்பைக் கண்டுபிடித்தார்கள். சல்ஃபமெத்தாக்சசோல், டிரைமெத்தோபிரிம், ஸ்ட்ரெப்டோமைசின், குளோராம்ஃபெனிகால் ஆகிய நான்கு மருந்துகளையும் தாங்கும் மரபணுக்கள் ஒரே கட்டாக அதில் இருந்தன. ஒரு கிருமி இன்னொன்றோடு ஒட்டிக்கொண்டு அந்தக் கட்டை அப்படியே கொடுத்துவிடும். ஓ1 வகையிலும் அது பரவியது. நான் டாக்டரிடம் சொன்ன மருந்தைத் தாங்கும் மரபணுக்கள் அந்தக் கட்டுக்குள்தான் இருந்தன!

மருந்தை அளவில்லாமல் சாப்பிடுவதால்தான் எதிர்ப்பு வருகிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது உண்மைதான், ஆனால் பாதிதான். கிருமியைத் தின்னும் ஃபாஜ் வைரஸ்களைத் தடுக்கும் மரபணுக்களும் இந்தத் தொகுப்பில் உண்டு. ஆகவே மருந்தே இல்லாத இடத்திலும் கிருமி அதைக் கைவிடாமல் இருக்கக் காரணம் இருக்கிறது. ஏமனில் 2016இல் தொடங்கிய தொற்றைப் பாருங்கள். முதலில் பெரும்பாலான மருந்துகளுக்கு அடங்கிய கிருமி, சில வருடங்களுக்குள் பிளாஸ்மிட் என்ற தனி டி.என்.ஏ. வளையம் ஒன்றைப் பெற்று, அசித்ரோமைசின் என்ற மருந்தையும் தாங்கத் தொடங்கியது. அதே நாடு, அதே தொற்று. போன வருட ரிப்போர்ட்டை வைத்து இந்த வருட நோயாளிக்குப் பதில் சொல்ல முடியாது.

காலராவில் உயிரைக் காப்பது முதலில் உப்பும் சர்க்கரையும் கலந்த நீர்தான். மருந்து நோய் நாட்களைக் குறைக்கும், வெளியேறும் கிருமியையும் குறைக்கும். என் தவறு அவரைப் பாதிக்காமல் போனதற்கு அந்த நீரே காரணம். அவர் வீட்டுக்குப் போய்விட்டார் என்று வார்டில் சொன்னபோதுதான் மூச்சே வந்தது.

இப்போதெல்லாம் படிவத்தில் பயண விவரம் காலியாக இருந்தால் நானே வார்டுக்கு ஃபோன் செய்கிறேன். எந்த நாடு, எந்த ஊர், என்று திரும்பினார், வருவதற்கு முன் என்ன மாத்திரை சாப்பிட்டார்? சிலர் அலுத்துக்கொள்வார்கள். சரி, பரவாயில்லை. பதில் கிடைக்கும்வரை லைனில் காத்திருக்கிறேன்.