மேலிருந்து கீழ்வரை

தையற்கடை வைத்து 26 வருடமாகிறது. கிழிந்ததைத் தைத்துத் தரச்சொல்லி ஆட்கள் வருவார்கள், தைத்ததைப் பிரித்துத் தரச்சொல்லியும் வருவார்கள். கிழிவதற்கென்றே ஒன்று தைத்துத் தா என்று யாரும் கேட்டதில்லை, ஒரு தவக்காலத்தில் யாழ்ப்பாணத்துக் குருநகர்ப் பொடியன் ஒருவன் கடை வாசலில் சைக்கிளைச் சாத்தும்வரை.

"அண்ணை, பெரிய வெள்ளிக்குப் பாடுகளின் நாடகம் போடுறம். இயேசு சாகேக்க கோயில் திரை ரெண்டாக் கிழியவேணும். மேலயிருந்து கீழ."

"கீழயிருந்து இழுத்தால் லேசல்லோ தம்பி?"

"இல்லை அண்ணை. வேதத்தில மேலயிருந்து எண்டுதான் கிடக்கு."

நான் சைவக்காரன். ஊர்க் கோயிலுக்குத் திரைச்சீலை தைப்பது நான்தான். எனக்குத் தெரிந்த திரை விலகுவதற்காகத் தொங்குவது. ஐயர் அலங்காரம் முடித்து அதை இழுக்க, மணி அடிக்க, சனம் அரோகரா என்று கை தூக்கும். வளையம் கம்பியில் சிக்காமல் ஓடவேண்டும், அவ்வளவுதான் என் கவலை.

முதல் திரை தோல்வி. பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று பொலியெஸ்டர் எடுத்து, மேல் விளிம்பைக் கைப்பழக்கத்தில் மடித்து இரட்டைத் தையல் போட்டுவிட்டேன். ஒத்திகையில் இரண்டு பொடியள் தொங்கி இழுத்தும் துணி அசையவில்லை, கடைசியில் கம்புதான் கழன்று நூற்றுவர் தலைவராக நின்றவனின் தலையில் விழுந்தது.

அன்றைக்குப் பாதரும் அங்கே இருந்தார். ஏன் இந்தத் திரைக்கு இவ்வளவு பாடு என்று கேட்டேன். எருசலேம் கோயிலில் அது விலகும் திரை இல்லை என்றார். அதற்கு அந்தப் பக்கம் கடவுள் இருக்கும் அறை. தலைமைக் குரு மட்டும், அதுவும் வருடத்தில் ஒரே ஒரு நாள், பலி இரத்தத்தோடு உள்ளே போவார். சனம் அந்த அறையைப் பார்த்ததே கிடையாது. அதற்கும் வெளியே, பிற இனத்தார் தாண்டினால் சாவு என்று கிரேக்கத்தில் வெட்டிய கல் இருந்ததாம், அப்படி ஒரு கல்லை 1871இல் கண்டெடுத்திருக்கிறார்கள். எனக்கு 1968 மாவிட்டபுரம் கோயில்தான் ஞாபகம் வந்தது, உள்ளே விடு என்று ஒடுக்கப்பட்ட சாதிச் சனம் வாசலில் சத்தியாக்கிரகம் இருந்ததை அப்பா சொல்லியிருக்கிறார். தேவாலயங்களும் இந்த விஷயத்தில் சுத்தம் என்று சொல்லமுடியாது, பாதரும் சொல்லவில்லை.

பொடியன் தன் வேதாகமத்தை விட்டுவிட்டுப் போனான். விடுதலைப் பயணம் 26ஆம் அதிகாரத்தை நான் தொழிற்காரனாகத்தான் வாசித்தேன். எருசலேம் கோயிலுக்கு முன்பு, மோசே காலத்தில் கோயிலாக இருந்த கூடாரத்தின் அளவுகள் அதில் கிடக்கின்றன. 28 முழ நீளம், 4 முழ அகலம், பத்துத் துணி, ஓரத்தில் 50 காது, கோக்க 50 பொற்கொளுவி. நடுத்திரைக்கு நீலம், ஊதா, சிவப்பு நூல், அதில் கெருபுகள் எனும் சிறகுள்ள வானதூதர்களின் உருவம். இந்தக் கணக்கை எழுதியவருக்குத் தையல் தெரிந்திருக்கிறது! எல்லாவற்றையும் மலையில் காட்டிய மாதிரிப்படி செய் என்று மோசேக்குக் கட்டளை. வேதாகமத்தில் பின்னால் வரும் எபிரேயர் திருமுகம் என்ற கடிதம் அதைப் பிடித்துக்கொண்டு, உண்மையான கூடாரம் விண்ணகத்தில் இருக்கிறது, கீழே இருப்பது அதன் சாயல் என்கிறது. இது எனக்கு உடனே விளங்கியது. அளவுச்சட்டை ஒருவரிடம் இருக்கும், அதைப் பார்த்துத்தான் நாங்கள் வெட்டுவோம், எவ்வளவு நன்றாகத் தைத்தாலும் அது இதுவாகாது.

அப்புறம் விளங்காமல் நின்ற இடம், அந்தத் திரை இயேசுவின் உடல் என்று அதே திருமுகம் சொல்வது. அப்படியானால் கிழிந்தது துணி மட்டும் இல்லையே. அந்த இரவு மெசினில் உட்கார எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது திரைக்குப் பருத்தி எடுத்தேன். புடவைக்கடையில் கத்தரியால் சின்னதாக ஒரு வெட்டு வைத்து, சர்ரென்று நேராகக் கிழிப்பார்களே, அதே வித்தைதான். பாவு, அதாவது துணியின் நீளவாட்டு நூல், மேலிருந்து கீழாக வரும்படி தொங்கவிட்டு, மேல் விளிம்பை மடிக்காமல், நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டினேன். கீழ் மடிப்பையும் அந்த நேரில் வெட்டிவிட்டேன், இல்லாவிட்டால் கிழிசல் அங்கே வந்து நின்றுவிடும். மேற்கம்பை இரண்டாக்கி, இரண்டு பக்கமும் இழுக்கத் தங்கூசி கட்டினோம். தங்கூசி என்பது மீன்பிடிக்கும் நைலோன் நூல், மீனவர் ஊரான குருநகரில் எந்த வீட்டிலும் கிடைக்கும். ஒருவன் வெல்க்ரோ ஒட்டலாமே, திரும்பத் திரும்பப் பாவிக்கலாம் என்றான். அந்தச் சத்தம் சப்பாத்துக் கழற்றுகிற மாதிரி இருக்கும், வேண்டாம் என்று சண்டை பிடித்தேன்.

பெரிய வெள்ளி இரவு பின்வரிசையில் நின்றேன். துணி கிழிந்த சத்தம் ஒலிவாங்கி இல்லாமலே என்வரைக்கும் கேட்டது. சனம் மூச்சு விடவில்லை. கிழிசலுக்குப் பின்னால் வெறும் சுவரும் ஒரு ரியூப் லைற்றும்தான், ஆனால் எல்லாரும் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும்தான்.

பாதர் பிறகொருநாள் சட்டை தைக்க வந்தபோது, எருசலேமில் சாலமோன் கட்டிய முதல் கோயிலின் உள்ளறை நீளம், அகலம், உயரம் மூன்றும் 20 முழம் என்றார். வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான திருவெளிப்பாட்டில் முடிவில் வரும் நகரத்துக்கும் மூன்றும் ஒரே அளவு, அதில் கோயிலே கிடையாது, வாசல்களும் பூட்டுவதில்லை. ஒருவர் மட்டும் போன அறை ஊராகிவிட்டது என்று சொல்லிவிட்டு, கொலரைக் கொஞ்சம் தளர்வாக வையுங்கோ என்றார்.

ஆனால் எருசலேம் கோயில் திரை கிழிந்த பிறகும் ஏறத்தாழ 40 வருடம் நடந்தது, கி.பி. 70இல்தான் உரோமர் இடித்தார்கள். அந்தத் திரையை யாரோ ஒரு தையற்காரனைக் கூப்பிட்டுப் பொருத்தியிருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எங்கள் தொழிலே அதுதானே.

அடுத்த வருடம் பொடியன் அதே துணியைச் சுருட்டிக்கொண்டு வந்தான். "அண்ணை, இதைத் திரும்பப் பொருத்தித் தரேலுமோ? காசு குறையும்."

ஏலாது, புதுத்துணி வாங்கி வா, தையற்கூலி வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன்.