வலது காதும் மெல்லினமும்: புறாமலையில் 4.6 மீற்றர்

கடந்த சனிக்கிழமை நிலாவெளிப் புறாமலைத் தீவருகே, மூச்சை அடக்கிக் கடலுக்குள் தலைகீழாக இறங்கிக்கொண்டிருந்தபோது, என் வலது காது முதன்முறையாக மூன்று மீற்றருக்குக் கீழே திறந்தது; அதாவது, நீரின் அழுத்தத்தை ஈடுசெய்யும் காற்று நடுச்செவிக்குப் போய்ச் சேர்ந்தது. நண்பரிடம் இரவல் வாங்கிய சுழியோடற் கடிகாரம் 4.6 என்று காட்டியது. முறையாகச் சுழியோடுபவர்களுக்கு இது கணக்கிலேயே சேராத ஆழம் என்பதை அறிவேன். ஆனால், ஜனவரியில் ஹிக்கடுவையில் தொடங்கி, பின்னர் கொழும்பில் ஒரு நீச்சல் தடாகத்தின் ஆழமான மூலையில் வாரந்தோறும் தோற்றுக்கொண்டிருந்த எனக்கு, அந்த ஒன்றரை மீற்றர் சிறிய விடயமன்று.

என் தவறு முழுவதும் மூக்கைப் பொத்திக்கொண்டு பலமாக ஊதுவதில்தான் இருந்தது. வல்சால்வா முறை என்று எல்லோரும் முதலில் கற்றுக்கொள்வது அதுவே. காற்றை நெஞ்சிலிருந்து தள்ள வேண்டியிருப்பதால், நிமிர்ந்த நிலையில் அது ஓரளவு கைகொடுக்கிறது. தலை கீழும் கால் மேலுமாகத் திரும்பியவுடன் நெஞ்சுக் காற்று தொண்டைக்கு வர மறுக்கிறது. நீரின் கணக்கும் நமக்குச் சாதகமானதன்று. மேற்பரப்பில் ஒரு வளிமண்டலமாக உள்ள அழுத்தம் 10 மீற்றரில் இரண்டாகிறது. அதாவது, நடுச்செவிக் காற்றின் கனவளவு முதல் 10 மீற்றருக்குள்ளேயே பாதியாகச் சுருங்க முயல்கிறது. 30 மீற்றரிலிருந்து 40 மீற்றருக்கு இறங்கும்போதோ அது ஐந்தில் ஒரு பங்குதான் குறைகிறது. ஆகவே, ஆழம் தெரியாதவனைத்தான் கடல் அதிகமாக வருத்துகிறது. வலி வந்த பிறகு இன்னும் பலமாக ஊதியது இரண்டாவது மடமை. அது உட்செவியையே பாதிக்கக்கூடும் என்பதைப் பின்னர்தான் அறிந்து, வலித்தால் உடனே மேலே ஏறிவிடுவது என்ற விதியை எனக்கு நானே விதித்துக்கொண்டேன்.

மாற்று வழி பிரென்சல் முறை. ஹெர்மன் பிரென்சல் என்ற ஜேர்மன் மருத்துவர் 1938-இல் வகுத்து, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமானிகளுக்குக் கற்பிக்கப்பட்ட அம்முறையில் நெஞ்சுக்கு வேலையில்லை. தொண்டையைப் பூட்டிவிட்டு, வாயிலுள்ள காற்றை நாக்கின் பின்பகுதியால் மேலே தள்ள வேண்டும். விளக்கங்கள் யாவும் 'த்' என்று சொல்வதுபோல் நாக்கை வையுங்கள் என்றன. மூன்று மாதங்கள் அப்படியே வைத்தேன். கன்னம் உப்பியதேயன்றிக் காதில் ஓர் அசைவும் இல்லை.

விடை கிடைத்தது எங்கள் வெள்ளவத்தை வீட்டுச் சாப்பாட்டு மேசையில். மகள் இலக்கணப் பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள்: வல்லினம் நெஞ்சிலிருந்து பிறக்கும், மெல்லினம் மூக்கிலிருந்து பிறக்கும். கையில் எடுத்த இடியப்பத்துடன் அப்படியே நின்றுவிட்டேன். 'த்' வல்லினம், அதைச் சொல்லும்போது மென்னண்ணம், அதாவது வாயின் மேற்கூரையின் மென்மையான பின்பகுதி, உயர்ந்து மூக்கு வழியை அடைத்துவிடுகிறது. அடைத்த வழியில் எவ்வளவு தள்ளினாலும் காற்று, மூக்கின் பின்னிருந்து நடுச்செவிக்குச் செல்லும் குழாயின் வாயை எப்படி அடையும்? எனக்கு வேண்டியது அதே இடத்தில் பிறக்கும் 'ந்'. நாக்கு நுனி பல்லடியில் ஒட்டியிருக்கும். மூக்கு வழியோ திறந்திருக்கும்.

அன்றிலிருந்து பயிற்சி இதுதான்: 'பந்து' என்று சொல்லத் தொடங்கி, 'ந்'-இல் நாக்கை நிறுத்தி, மூக்கைப் பொத்தி, அரிசி மூட்டையைத் தூக்கும்போது செய்வதுபோல் மூச்சைத் தொண்டையில் அடைத்து, நாக்கின் அடிப்பகுதியை மட்டும் மேலே உந்துவது. சரியாகச் செய்தால் வயிற்றின் மீது வைத்த கை அசையாது. குரல்வளை மட்டும் மேலேறி இறங்கும். ஒரு நாசியில் பலூனைப் பொருத்தி, மறு நாசியை மூடி, அதை நாக்கினாலேயே ஊதிப் பழகியபோது மனைவி வாசற்கதவைச் சாத்தினார், அயலவர் பார்த்துவிடக் கூடாதென்று.

மாஸ்க் விடயத்தில் ஒரு முறைப்பாடும் உண்டு. புறக்கோட்டையில் ஒரு கடைக்காரர் 'புதிய மாதிரி' என்று என் தலையில் கட்டிய முழுமுக மாஸ்க்கில் மூக்கைப் பொத்தவே வழியில்லை. மேற்பரப்பில் மிதந்து மீன் பார்ப்பதற்கு மட்டுமே அது உதவும். வாங்குபவர்கள் மூக்குப் பகுதி மென்மையான சிலிக்கனால் ஆனதா என்று இரு விரல்களாலும் கிள்ளிப் பார்த்த பின்னரே பணத்தை எடுக்கவும்.

சனிக்கிழமை முதல் மூன்று முயற்சிகளும் வீணாயின. வயதான படகோட்டி, "தம்பி, முதல்ல காலைக் கீழ போட்டு இறங்கிப் பாருங்கோ, காது திறந்தாப் பிறகு தலையைக் குத்தலாம்" என்றார். மன்னார்க் கடலில் முத்துக்குளித்தவர்கள் கல்லில் கால் வைத்து, நிமிர்ந்த நிலையில் இறங்கியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவ்வாறே இருமுறை இறங்கி, காது இரண்டும் பழகிய பிறகு தலைகீழாகச் சென்றேன். இரண்டு மீற்றரில் ஒரு 'ந்', மூன்றில் இன்னொன்று. இடது காது வழமைபோல் முந்திக்கொள்ள, வலது காது சற்றுத் தயங்கி, 'டிக்' என்று திறந்தது. கீழே கருமுனைச் சுறாக் குட்டியொன்று கடந்து போனதாக உடன் வந்தவர்கள் சொன்னார்கள். நான் காதைத் தவிர வேறெதையும் கவனிக்கவில்லை.

நவம்பரில் மேற்குக் கடல் தெளிந்ததும் கொழும்பில் முறையான சுழியோடற் பயிற்சியில் சேரும் எண்ணம் உண்டு. 1917 பெப்ரவரியில் வுல்ஃப் என்ற ஜேர்மன் கப்பல் இட்ட கண்ணிவெடியில் சிக்கிக் கொழும்புக்கு அப்பால் மூழ்கிய பெர்சியஸ் என்ற கப்பலின் சிதைவு மீது நெடுநாளாக ஒரு கண். ஆனால், அது தொடக்கச் சான்றிதழின் 18 மீற்றர் எல்லைக்கு மிகக் கீழே கிடக்கிறது. இங்கோ 4.6-இல் வலது காது மறுபடி பூட்டிக்கொண்டது. செப்டெம்பர் முடிவதற்குள் இன்னொரு முறை நிலாவெளிக்குச் செல்ல வேண்டும். நண்பர் கடிகாரத்தைத் திருப்பிக் கேட்டுவிட்டதால், நைலோன் கயிற்றில் அரை மீற்றருக்கு ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.