ஏஎன்-32: இறக்கைக்கு மேல் ஏறிய எஞ்சின்

சூலூர் விமானப்படைத் தளத்தின் பக்கம் குடியிருப்பவர்களுக்கு, விமானப்படையின் சரக்கு விமானமான ஏஎன்-32 பழகிய விமானம். அதன் எஞ்சின்கள் இறக்கைக்கு மேலே ஏறி உட்கார்ந்திருக்கும். பார்க்க லட்சணமில்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வந்துவிடும். அந்த எஞ்சின்கள் அங்கே ஏறியதற்கு இமயமலைதான் காரணம்.

இதற்கு முன்னோடியான ஏஎன்-26 சமவெளிக்கு ஏற்ற நல்ல சரக்கு விமானம். அதன் எஞ்சின் ஒவ்வொன்றும் சுமார் 2,800 குதிரைத்திறன் கொண்டது. லடாக்கின் மலை உச்சியில் உள்ள லே போன்ற இடத்துக்கு அது போதாது. காற்றின் அடர்த்தி குறையும்போது இறக்கையின் தூக்கு விசை குறைகிறது, புரொப்பெல்லரின் பிடிமானம் தளர்கிறது, எஞ்சினுக்கும் மூச்சு வாங்குகிறது. வெயில் ஏறினால் நிலைமை இன்னும் மோசம். சண்டிகர் விமானப்படைத் தளத்தில் பணியாற்றிய என் சித்தப்பா, லே பயணங்களைக் காலை வேளையிலேயே முடித்துவிடப் பார்ப்பார்கள் என்பார். காலையில் தூக்கிய சுமையை அதே ஓடுபாதையில் நண்பகலில் தூக்க முடியாது.

இந்த விமானங்களைச் செய்த உக்ரைனின் ஆன்டனோவ் நிறுவனம் இந்தியாவின் தேவையை மனத்தில் வைத்து, ஏறத்தாழ அதே உடலில் 5,000 குதிரைத்திறனுக்கும் மேற்பட்ட ஏஐ-20 எஞ்சின்களைப் பொருத்தியது. எஞ்சின் பெரிதானதும் புரொப்பெல்லரும் பெரிதானது: விட்டம் 4.7 மீட்டர். பழைய இடத்திலேயே வைத்திருந்தால் அதன் நுனி தரையை நெருங்கி, மண் ஓடுபாதையின் கல்லையும் தூசியையும் வாரியிருக்கும். ஆகவே எஞ்சின் மேலே போனது. 1976இல் முதலில் பறந்த இந்த விமானம், 1984 முதல் நம் விமானப்படையில் இருக்கிறது.

சித்தப்பாவுக்குப் பிடித்தது பின்பக்கச் சரிவுக் கதவு. அதைக் கீழே இறக்கினால் ஜீப் நேராக உள்ளே ஏறலாம். அதையே வயிற்றுக்கு அடியில் நகர்த்திவிட்டால், லாரியைப் பின்னோக்கிக் கொண்டுவந்து விமானத்தின் தளத்தோடு ஒட்டி நிறுத்திவிடலாம். மூட்டையைத் தலையில் சுமந்து ஏற வேண்டியதில்லை. மூச்சுவிடவே சிரமமான உயரத்தில் அது எவ்வளவு பெரிய உதவி என்பது, அங்கே சுமை இறக்கியவர்களுக்குத்தான் தெரியும்.

இதற்கும் முன்னால் பாக்கெட் என்ற சி-119 விமானங்கள் இருந்தன. மலைப் பயணங்களுக்கு இரண்டு எஞ்சின்கள் போதாததால், அவற்றின் முதுகில் கூடுதலாக ஒரு ஜெட் எஞ்சினைப் பொருத்தினார்கள். இப்படி வந்த மாற்று வடிவங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

லடாக்கின் வடக்கு எல்லையருகே 16,614 அடி உயரத்திலுள்ள தௌலத் பேக் ஓல்டி தளத்தில் 1962இல் முதலில் இறங்கியது பாக்கெட்தான். அறுபதுகளின் நடுவில் அந்தத் தளம் கைவிடப்பட்டது. 43 ஆண்டுகள் கழித்து, 2008 மே 31 அன்று, சண்டிகரிலிருந்து போன ஏஎன்-32 அதே மண் ஓடுபாதையில் இறங்கியது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 60 சதவீதம்தான்.

இந்த விமானங்களைப் புதுப்பிக்க 2009இல் உக்ரைனுடன் ஒப்பந்தம் ஆனது. ஒரு பகுதி அங்கேயும், மற்றவை கான்பூரிலும் என்று திட்டம். இப்போது மாற்று விமானம் பற்றிய பேச்சு நடக்கிறது. வேகம், அதிகபட்சச் சுமை என்றுதான் எல்லோரும் ஒப்பிடுகிறார்கள். லேயில் கோடை நண்பகலில் எத்தனை டன்னோடு கிளம்பும் என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.