புதிய நியூரானைத் தேடுகிறவர்கள்

மூளை ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை என்று சொன்னால் போதும், எதிரில் இருப்பவர் உடனே ஞாபக சக்தியைப் பற்றிக் கேட்க ஆரம்பித்துவிடுவார். நான் டாக்டர் இல்லை, மூளையை மெல்லிய ஏடுகளாகச் சீவி, சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் வைத்து செல்களை எண்ணுவதுதான் என் வேலை என்றதும் ஆர்வம் பாதியாகக் குறைந்துவிடும். ஆனால் நரம்பியலில் நீண்டகாலமாகத் தீராமல் கிடக்கும் ஒரு சண்டை, எங்களைப் போன்றவர்களின் மேஜையில்தான் நடக்கிறது. வளர்ந்த மனிதனின் மூளையில் புதிய நியூரான்கள், அதாவது நரம்புச் செல்கள், பிறக்கின்றனவா, இல்லையா?

எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்று கேட்பார்கள். எதை எண்ணுவது என்பதுதானே பிரச்சினை.

சுண்டெலி மூளையில் இது சுலபம். மயக்க நிலையில் இருக்கும்போதே இதயத்தின் வழியாக முதலில் உப்புநீரையும், பிறகு திசுவைப் பதப்படுத்தும் பாராஃபார்மால்டிஹைடையும் செலுத்துவோம். இரத்தம் வடிந்து, மூளை வெளியே வரும்போது தந்த நிறத்தில், கையில் எடுத்தால் கொஞ்சம் கெட்டியாக இருக்கும். ஓர் இரவு அதே கரைசலில், அப்புறம் சர்க்கரைக் கரைசலில். முதலில் மிதக்கும், உள்ளே கரைசல் ஊறியதும் அடியில் போய் உட்காரும். அதை உறையவைத்து, 40 மைக்ரான் கனத்தில் சீவி, வரிசை தப்பாமல் ஆறு குழிகளில் மாற்றி மாற்றிப் போடுவோம். ஒரு குழியில் இருப்பதை எண்ணி ஆறால் பெருக்கினால் மொத்தக் கணக்கு.

இந்த வேலையில் எனக்குப் பிடித்த இடம், சாயம் ஏற்றிய ஏட்டைத் தூரிகை முனையால் கண்ணாடித் தகட்டின் மேல் ஏற்றுவது. தட்டில் நீர் மாதிரி தெளிவான பஃபர் என்ற உப்புக் கரைசல், அதில் ஏடு மிதக்கும். தகட்டைச் சாய்த்து அடியில் கொண்டுபோய், ஒரு ஓரத்தைத் தூரிகையால் பிடித்து மெல்ல மேலே இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் சுருண்டுகொள்ளும். நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் இருக்கும் பகுதி சரியாகப் படிந்துவிட்டால் வெறும் கண்ணுக்கே தெரியும், ஒன்றுக்குள் ஒன்று கோத்த இரண்டு வளைவுகளாக.

அந்த வளைவுகளில் ஒன்றுதான் டென்டேட் ஜைரஸ். ஹிப்போகாம்பஸ் எவ்வளவு முக்கியம் என்பது ஹென்றி மோலைசன் என்ற ஒரே மனிதரால் உலகுக்குத் தெரியவந்தது. வலிப்பு நோய்க்காக 1953-ல் இரு பக்கமும் அந்தப் பகுதியை வெட்டி எடுத்தார்கள். அதன் பிறகு புதிதாக எந்த நிகழ்ச்சியும் அவர் மனதில் தங்கவில்லை. ஆனால் கண்ணாடியைப் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியில் நாளுக்கு நாள் தேறினார், முந்தின நாள் வரைந்ததே நினைவில்லாமல். அவரைச் சோதித்துப் பார்த்த பிரெண்டா மில்னர் 1957-ல் அந்த அறுவையைச் செய்த ஸ்கோவிலுடன் சேர்ந்து எழுதிய கட்டுரையிலிருந்துதான் எங்கள் துறையின் பாதி கேள்விகள் கிளம்பின.

டென்டேட் ஜைரஸின் உள் ஓரத்தில்தான் புதிய நியூரான்கள் பிறப்பதாகச் சொல்கிறோம். டபுள்கார்ட்டின் என்ற புரதம் இளம் நியூரான்களில் இருக்கும், முதிர்ந்ததும் போய்விடும். அதைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடியைச் சாயத்தோடு போட்டால், இளம் செல்கள் வரிசையாகத் தெரியும். செல்லின் உடல் ஓரத்தில் பதிந்திருக்க, அதிலிருந்து ஒரு கிளை மேலே ஏறி, மற்ற நியூரான்களின் நெரிசலைத் துளைத்துக்கொண்டு போய்க் கிளைவிடும். முதல்முறை பார்க்கிற மாணவர்கள் கொஞ்ச நேரம் பேசமாட்டார்கள்.

இப்படி ஒன்று இருக்கிறது என்று முதலில் சொன்னவர் ஜோசப் ஆல்ட்மன். டிஎன்ஏவின் ஒரு மூலப்பொருளான தைமிடினில் கதிரியக்கம் ஏற்றி எலிக்குச் செலுத்தினால், இரண்டாகப் பிரியும் செல்களின் டிஎன்ஏவில் அது போய் உட்காரும். அப்படித்தான் 1962-ல் முதல் அறிக்கை. 1965-ல் கோபால் தாஸுடன் சேர்ந்து ஹிப்போகாம்பஸில் புதிய நியூரான்களைக் காட்டினார். வளர்ந்த மூளையில் எல்லாம் சாகும், எதுவும் மறுபடி பிறக்காது என்று நரம்பியலின் முன்னோடி ரமோன் இ கஹால் எழுதி வைத்ததை எல்லோரும் வேதவாக்காக எடுத்துக்கொண்டிருந்த காலம். ஆல்ட்மனை மறுத்துப் பேசியவர்களைவிட, கண்டுகொள்ளாமல் விட்டவர்களே அதிகம். மறுப்பாவது பரவாயில்லை என்று எனக்குத் தோன்றும். மறுக்கிறவர் குறைந்தபட்சம் ஸ்லைடைப் பார்த்திருப்பார்.

1998-ல் எரிக்சனும் கேஜும் மனிதர்களிலேயே காட்டினார்கள். புற்றுநோய்க் கட்டியின் வளர்ச்சியை அளப்பதற்காக பிஆர்டியு என்ற வேதிப்பொருள் செலுத்தப்பட்ட நோயாளிகள் ஐந்து பேரின் மூளைகள், இறந்த பிறகு ஆய்வுக்குக் கிடைத்தன. அந்த வேதிப்பொருளும் பிரியும் செல்லின் டிஎன்ஏவில்தான் சேரும். டென்டேட் ஜைரஸில் அது தெரிந்தது. 2013-ல் ஃபிரிசென் குழு இன்னும் விசித்திரமான வழியில் போனது. அணுகுண்டுச் சோதனைகளால் 1950களில் காற்றில் கூடிய கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன், வளிமண்டலச் சோதனைகளைத் தடைசெய்த 1963 ஒப்பந்தத்துக்குப் பிறகு குறையத் தொடங்கியது. செல் பிறந்த ஆண்டின் அளவு அதன் டிஎன்ஏவில் பதிந்திருக்கும். அந்தக் கணக்கில், ஒரு பக்க ஹிப்போகாம்பஸில் நாளுக்குச் சுமார் 700 புதிய நியூரான்கள். ஊரை அழிக்கச் செய்த குண்டு நியூரானின் வயதைச் சொல்ல உதவியது என்பதை ஜீரணிக்க எனக்குக் கொஞ்ச நாள் ஆனது.

2018 வந்தது. மார்ச்சில் சோரெல்ஸ் முதலானோரின் கட்டுரை: குழந்தைகளில் இளம் நியூரான்கள் நிறைய, 13 வயதில் ஒன்றிரண்டு, பெரியவர்களில் ஒன்றுமே தெரியவில்லை. அடுத்த மாதமே போல்ட்ரினி குழு: 79 வயது வரை பிறந்துகொண்டுதான் இருக்கிறது. கிட்டத்தட்ட ஒரே வகைச் சாயம், ஒரே உறுப்பு, நேர் எதிரான விடை. எங்கள் கூடத்தில் அந்த வாரம் வேலை ஓடவில்லை.

மனித மூளை நம் கைக்கு வரும் விதம் வேறு. இதயம் வழியாகக் கரைசலைச் செலுத்த முடியாது. இறந்து சில மணி நேரம், சில சமயம் ஒரு நாள் கழித்துத்தான் எடுப்பார்கள். அப்புறம் ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவ வாளியில் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கிடக்கும். ஃபார்மலின் புரதங்களை ஒன்றோடொன்று பின்னிவிடுகிறது. பின்னல் இறுக இறுக, ஆன்டிபாடி போய் ஒட்ட வேண்டிய இடம் மூடிக்கொள்கிறது. 2019-ல் மாட்ரிட்டில் இருந்து யோரென்ஸ்-மார்ட்டின் குழு செய்தது, எங்களைப் போன்ற மேஜைக்காரர்கள் மனதுக்குள் கைதட்டிய வேலை. ஒரே மூளையின் துண்டுகளை வெவ்வேறு கால அளவுக்குப் பதப்படுத்திப் பார்த்தார்கள். நேரம் கூடக் கூட டபுள்கார்ட்டின் மங்கி, காணாமலே போனது. குறைந்த நேரம் பதப்படுத்திய மூளைகளில், 87 வயது வரைக்கும் ஆயிரக்கணக்கில் இளம் நியூரான்கள். அல்சைமர் நோயாளிகளில், நோய் முற்ற முற்ற அந்த எண்ணிக்கை இறங்கிக்கொண்டே போனது.

எதிர்த்தரப்பும் லேசுப்பட்டதல்ல. அறுவை சிகிச்சையில் எடுத்து உடனே பதப்படுத்திய துண்டுகளும் எங்களிடம் இருந்தன, அவற்றிலும் தெரியவில்லையே என்றார்கள். நியாயமான பதில். ஆனால் அவை வலிப்பு நோயாளிகளின் மூளைகள், அங்கே எதுவும் வழக்கப்படி நடக்கும் என்று எதிர்பார்க்க முடியாது என்பது என் கட்சி.

இன்னொரு பக்கமும் உண்டு. இல்லாததைப் பார்ப்பது. வயதான நியூரான்களில் லிப்போஃபசின் என்ற மஞ்சள் பழுப்புத் துகள் சேரும். சாயமே ஏற்றாவிட்டாலும் அது தானாக ஒளிரும், மைக்ரோஸ்கோப்பில் பச்சை நிறத்துக்கான சேனலிலும் சிவப்புக்கான சேனலிலும். புதிதாக வருகிறவர் அதைக் காட்டி "மேடம், இங்க ஒரு செல் இருக்கு" என்று துள்ளுவார். சேனலை மாற்றிப் பார்க்கச் சொல்வேன். எல்லாச் சேனலிலும் ஒளிர்ந்தால் அது செல் இல்லை, வயது. ஸ்லைடின் பெயரை மறைத்து வெறும் எண்ணை மட்டும் ஒட்டி, எண்ணி முடிக்கும்வரை அந்தப் பட்டியலை வேறொருவரிடம் பூட்டி வைக்கும் வழக்கமும் இதற்காகத்தான். எண்ணுகிற கண்ணுக்கு ஆசை உண்டு. ஆரோக்கியமான மூளை என்று தெரிந்தாலே நாலு செல் கூடுதலாகத் தெரியும்.

புதிய நியூரான் என்றால் நல்லது, நினைவைக் கூட்டும் என்று ஒரு பொது நம்பிக்கை இருக்கிறது. ஓடினால் சுண்டெலியின் டென்டேட் ஜைரஸில் புதிய நியூரான் கூடுகிறது, அது உண்மை. ஆனால் 2014-ல் ஃபிராங்க்லண்ட், ஜோசலின் கூடத்திலிருந்து வந்த முடிவை நான் எல்லா மாணவர்களுக்கும் சொல்வேன். ஒரு பெட்டியில் பயத்தைக் கற்றுக்கொண்ட சுண்டெலிகளை அதன் பிறகு சக்கரத்தில் ஓடவிட்டால், அந்தப் பயத்தை மறந்துவிடுகின்றன. குட்டிகளுக்குப் புதிய நியூரான்களின் எண்ணிக்கையைக் குறைத்தால், அவை வழக்கத்தைவிட அதிக நாள் நினைவில் வைக்கின்றன. புதிய செல் ஏற்கெனவே இருக்கும் சுற்றுக்குள் வந்து இணைப்புப் போடும்போது பழைய இணைப்புகள் குலைகின்றன என்பது அவர்கள் விளக்கம். நம் முதல் இரண்டு மூன்று வருடங்கள் நினைவில் இல்லாததற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம். எனக்கு இது பிடித்துப்போனதற்குக் காரணம், மறதியை வெறும் பழுது என்று பார்க்கும் பழக்கத்தை அது கொஞ்சம் ஆட்டிவிட்டது.

சிதைவு என்பது அதிலிருந்து வேறு. அதைக் காண மிகுந்த திறமை வேண்டியதில்லை, வெள்ளிச் சாயமே போதும். 1906-ல் அல்சைமர் பார்த்ததும் வெள்ளிச் சாயத்தில்தான்: செல்களுக்கு வெளியே படிவுகள், உள்ளே முறுக்கிய இழைகள். அவருடைய நோயாளி அகுஸ்ட டெட்டரின் ஸ்லைடுகள் 1990களில் மியூனிக்கில் மறுபடி கிடைத்தபோது, தொண்ணூறு ஆண்டு கழிந்தும் அவை அப்படியே தெரிந்தன. இழைகள் முதலில் தலைகாட்டும் இடங்களில் ஹிப்போகாம்பஸுக்குப் பக்கத்திலுள்ள என்டோரைனல் கார்ட்டெக்ஸ் முக்கியமானது. டென்டேட் ஜைரஸுக்குச் செய்தி வருவதே அந்த வழியாகத்தான். சாவின் தடயம் ஒரு நூற்றாண்டு நிற்கிறது, பிறப்பின் தடயம் ஒரு வாளியில் சில நாளில் அழிகிறது. இந்தச் சமமின்மைதான் எங்கள் துறையை இவ்வளவு காலம் ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்திருந்தது என்று நினைக்கிறேன்.

2025-ல் ஃபிரிசென் குழு மீண்டும் வந்தது, இம்முறை செல்லின் உட்கருவிலிருந்து, எந்த மரபணு வேலை செய்கிறது என்று காட்டும் ஆர்என்ஏவைப் படித்து. பிரிந்து புதிய நியூரான்களாக மாறும் முன்னோடிச் செல்கள் பெரியவர்களிடமும் கிடைத்தன. சிலரிடம் நிறைய, சிலரிடம் அநேகமாக இல்லை. "உண்டா, இல்லையா" என்று இரண்டு அணியாக நின்று கத்தியது போதும், யாரிடம் எவ்வளவு என்று கேட்கலாம்.

அதனால் எங்கள் கூடத்தில் இப்போது சராசரியைப் பட்டையாக வரைவதில்லை. ஒரு மூளைக்கு ஒரு புள்ளி, பக்கத்தில் வயது, இறந்து எத்தனை மணி நேரத்தில் எடுத்தார்கள், எவ்வளவு நேரம் பதப்படுத்தினார்கள் என்ற விவரம். போன வாரம் ஒரு மாணவி சலித்துக்கொண்டாள். "இப்படிப் போட்டா படம் அழகா இல்லையே, மேடம். ஒரு புள்ளி அங்க, ஒரு புள்ளி இங்க."

"அப்படித்தான் இருக்கு, அப்படியே போடு" என்றேன்.