ராத்திரி நாயோடு யார் இருப்பார்?

சொந்தக்காரர் கல்யாணம், சபரிமலை, மதுரையில் ஆபரேஷன், வளைகுடாவில் இருக்கும் பிள்ளை வீடு. எதற்காவது ஒருநாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பத்தான் வேண்டியிருக்கிறது. நாயை ஆள் வைத்து வீட்டிலேயே பார்த்துக்கொள்வதா, காசு வாங்கிக்கொண்டு நாய்களைத் தங்கவைக்கும் போர்டிங்கில் விடுவதா என்று யோசிப்பவர்கள் முதலில் விசாரிப்பது ஒரு நாளைக்கு எவ்வளவு என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ராத்திரி பத்து மணியிலிருந்து விடியும் வரை அதன் பக்கத்தில் யார் இருப்பார்?

காலையில் அரை மணி, சாயங்காலம் அரை மணி வந்து சோறு வைத்துவிட்டுப் போகும் ஆள் என்றால், 24 மணி நேரத்தில் 23 மணி நேரம் நாய் தனியாகக் கிடக்கிறது. போர்டிங்கும் இதற்கு விலக்கில்லை. இருட்டியதும் கூண்டுகளைப் பூட்டிவிட்டு வேலையாள் வீட்டுக்குப் போய்விடும் இடங்கள் உண்டு. வலிப்பு, ரத்தப்பேதி, பாம்புக்கடி எதுவும் பகலில்தான் வரும் என்று விதியில்லை. ஜெர்மன் ஷெப்பர்ட், கிரேட் டேன் போன்ற ஆழமான நெஞ்சுள்ள நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொண்டால், வாந்தி வராமல் ஓங்கரித்துக்கொண்டே இருக்கும். சில மணி நேரத்தில் உயிரே போய்விடும். அதைக் காலை ஏழு மணிக்குக் கண்டுபிடித்துப் பயனில்லை. ஆகவே யாரிடம் விட்டாலும் ராத்திரி தங்குவது யார், அவர் படுக்கும் இடத்துக்கு நாயின் சத்தம் கேட்குமா என்று நேரில் போய்ப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை நம் ராமநாதபுரம் கரையில் இதைத் தொழிலாகச் செய்பவர்கள் குறைவு. ஆள் என்றால் பெரும்பாலும் பக்கத்து வீட்டு அக்கா, தெருவில் இருக்கும் கல்லூரிப் பையன், கால்நடை மருத்துவரிடம் உதவிக்கு இருப்பவர். போர்டிங் என்றால் பலருக்கும் மதுரைதான். ராமநாதபுரத்திலிருந்து ஏறக்குறைய 115 கிலோமீட்டர், ராமேஸ்வரத்திலிருந்து 170. இரண்டு மூன்று நாள் பயணத்துக்கு நாயை அவ்வளவு தூரம் காரில் கொண்டுபோய் விட்டு, திரும்பவும் அழைத்து வருவது அதற்குத் தண்டனை. ஒரு வாரத்துக்கு மேல் என்றால் யோசிக்கலாம். சித்திரை, வைகாசியில் விடிவதற்கு முன்பே கிளம்பிவிட வேண்டும். கிளம்புவதற்கு நான்கு மணி நேரம் முன்பிருந்து சோறு வேண்டாம், தண்ணீர் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக. பக், ஷிட்சு போன்ற சப்பை மூக்கு நாய்களைத் தகரக் கூரையோ ஆஸ்பெஸ்டாஸோ போட்ட இடத்தில் கோடையில் விடவே கூடாது. அவை உடம்புச் சூட்டை மூச்சு வாங்கித்தான் தணிக்க வேண்டும், அந்த மூக்கால் அது முடியாது.

நாயின் இனமும் குணமும் பாதி முடிவைச் சொல்லிவிடும். சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் வைத்திருப்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும். இவை ஒருவரோடு ஒட்டிக்கொள்ளும் நாய்கள், புது இடத்தில் இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடப்பது சகஜம். ஆளுயரச் சுவரைத் தாண்டிவிடும். சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் தலை ஒடுக்கமாக இருப்பதால் சாதாரணக் கழுத்துப்பட்டை பின்பக்கமாக இழுத்தாலே கழன்றுவிடும். போர்டிங் வாசலில் நாய் தப்பி ஓடுவது பெரும்பாலும் இப்படித்தான். இழுத்தால் இறுகும் பட்டையும் நெஞ்சைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸும் சேர்த்துப் போட்டு, கயிற்றை இரண்டிலும் மாட்டுங்கள். கேட்டுக்கு உள்ளே இன்னொரு கதவு இல்லாத போர்டிங்கில் இந்த நாய்களை விடாதீர்கள்.

ஆனால் வீட்டுக் காவல் நாய்க்கு ஆள் வைப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நீங்கள் இருக்கும்போது வாலாட்டும் ராஜபாளையம், நீங்கள் இல்லாத வீட்டுக்குள் அதே ஆளை விடாது. கேட்டுக்கு வெளியே சோற்றுச் சட்டியோடு நிற்க வேண்டியதுதான். பழக்குவதற்குப் பத்து நாளாவது வேண்டும். முதல் மூன்று நாள் நீங்கள் பக்கத்தில் நிற்க, அவர் கையால் சோறு. அடுத்த மூன்று நாள் நீங்கள் வீட்டுக்குள் இருக்க, அவர் கயிற்றைப் பிடித்து நடத்திக்கொண்டு வரட்டும். பிறகு நீங்கள் வெளியே போய்விட்டு, அவரே சாவி போட்டுத் திறந்து உள்ளே வரட்டும். கடைசியாக ஓர் இரவு அவர் மட்டும் தங்கிப் பார்க்கட்டும். இந்தக் கடைசி இரண்டு படிகளைச் செய்யாமல் பழகிவிட்டது என்று நம்பிக் கிளம்பக் கூடாது.

மூன்றரை மாதம் ஆகாத குட்டி, பருவத்துக்கு வந்திருக்கும் பெட்டை, இருமலோ பேதியோ உள்ள நாய் ஆகிய மூன்றுக்கும் போர்டிங் கூடாது. கண் தெரியாத கிழட்டு நாய்க்கும் வீடே நல்லது, எந்தச் சுவர் எங்கே என்று அதற்குத் தெரியும்.

போர்டிங்கைத் தேர்ந்தெடுத்தால், ஊசி அட்டையைக் கேட்காத இடத்தை விட்டு உடனே வெளியே வந்துவிடுங்கள். உங்கள் நாயிடம் கேட்காதவர்கள் மற்ற நாய்களிடமும் கேட்டிருக்க மாட்டார்கள். வெறிநாய்க்கடி ஊசி, செவன்-இன்-ஒன் அல்லது நைன்-இன்-ஒன் எனப்படும் கூட்டு ஊசி, நாய்க்கு நாய் தொற்றும் இருமலான கென்னல் காஃபுக்குத் தடுப்பு மருந்து ஆகிய எல்லாம் குறைந்தது இரண்டு வாரத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். கூட்டு ஊசியில் வரும் எலிக்காய்ச்சல் தடுப்பு முதல் தடவை என்றால் இரண்டு டோஸ், இடையில் இரண்டு முதல் நான்கு வாரம். அதாவது ஊசியே போடாத நாயை அடுத்த வாரம் போர்டிங்கில் விட முடியாது. ஒன்றரை மாதம் முன்னால் தொடங்க வேண்டும்.

கூண்டை எதைக் கொண்டு கழுவுகிறார்கள் என்றும் கேளுங்கள். பினாயில் வாசனை அடித்தால் சுத்தம் என்று நினைத்துவிடுகிறோம். நாய்க்கு ரத்தப்பேதி உண்டாக்கும் பார்வோ வைரஸ் பினாயிலுக்குச் சாகாது. ஒரு பங்கு பிளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து, அழுக்கை முதலில் கழுவிய தரையில் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டால்தான் சாகும். மண் தரையில் அது மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், ஆகவே சிமென்ட் அல்லது டைல்ஸ் தரைதான் வேண்டும். கருப்புப் பினாயில் பூனைக்கு விஷம், பாதத்தை நக்கினாலே போதும்.

பூனைக்கு என் பதில் ஒன்றுதான்: வீடு, ஆள். பூனை மனிதரை விட இடத்தோடு ஒட்டியது. நம் கரைப் பூனைகளுக்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. சாளையும் நெத்திலியும் தின்று வளர்ந்த பூனை, போர்டிங்கில் வைக்கும் உலர் தீவனத்தை முகர்ந்துகூடப் பார்க்காது. கொழுத்த பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு படிந்து மஞ்சள்காமாலை வந்துவிடும். பார்த்துக்கொள்பவரிடம் மீனை வேகவைத்துப் போடச் சொல்லுங்கள். சாளை, நெத்திலி போன்ற மீன்களைப் பச்சையாகவே தொடர்ந்து போட்டால் தயமின் என்ற பி-1 வைட்டமின் அழிந்து, கழுத்து தொங்கி நடை தள்ளாடும். வேகவைத்தால் அந்தக் கெடுதல் இல்லை. கடுவன் பூனை மண் தட்டில் உட்கார்ந்து முக்கியும் ஒன்றுக்கு வரவில்லை என்றால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும், மறுநாள் பார்க்கலாம் என்பது ஆபத்து. காய்ச்சல் போல இருக்கிறதே என்று வீட்டில் இருக்கும் பாராசிட்டமால் மாத்திரையைக் கொடுத்துவிட வேண்டாம் என்பதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே பூனையைக் கொன்றுவிடக் கூடும். நாய்க்கு உண்ணிக்காகப் போடும் பெர்மெத்ரின் மருந்தும் பூனைக்கு ஆகாது.

வெளியூர் ஆளுக்குத் தெரியாத கரையோர ஆபத்துகளை எழுதி வையுங்கள். முதலாவது பேத்தை என்ற விஷ மீன். வலையில் சிக்கியதைக் கரையில் தூக்கிப் போட்டுவிட்டுப் போவார்கள். அதன் விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது. வாந்தி, தள்ளாட்டம், பிறகு கைகால் விழுந்து மூச்சே நின்றுவிடும். கடற்கரையில் நடத்தும்போது கயிறு கையில் இருக்க வேண்டும், நாயின் வாய் எங்கே போகிறது என்று கண் இருக்க வேண்டும். கருவாடு காயும் இடமும் அப்படியே. உப்பை அள்ளித் தின்ற நாய்க்குத் தாகம், வாந்தி, அதிகமானால் வலிப்பு. தூண்டில் முள்ளை விழுங்கித் தூண்டில் நரம்பு வாயிலிருந்து தொங்கினால் இழுக்கவே கூடாது, இழுத்தால் முள் உள்ளே குத்திக் கிழிக்கும். நரம்பை நீளமாக விட்டுக் கழுத்துப்பட்டையில் கட்டி மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். சீமைக் கருவேல முள் பாதத்தில் ஏறினால் நாய் அந்தக் காலைத் தூக்கிக்கொண்டு நக்கிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு நடைக்குப் பிறகும் நான்கு பாதங்களையும் விரலிடுக்கோடு பார்க்கச் சொல்லுங்கள்.

தண்ணீரும் முக்கியம். பழகிய காவிரித் தண்ணீர் தீர்ந்ததும் போர் தண்ணீரை ஊற்றினால், உப்புக்கு நாய் குடிக்காது, வெயிலில் சுருண்டுவிடும். 20 கிலோ நாய் சாதாரண நாளில் ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் மேல் குடிக்கும், கோடையில் இரண்டு லிட்டரும் ஆகும். 20 லிட்டர் கேன் ஒன்றை நாய்க்கென்றே வைத்தால் பத்து நாள் வரும்.

ஐப்பசி, கார்த்திகையில் கணக்கு மாறுகிறது. புயல் எச்சரிக்கை, மின்வெட்டு, தெருவில் முழங்கால் தண்ணீர் என்றால் தங்கச்சிமடத்திலிருந்து ராமேஸ்வரத்துக்கு வண்டியில் வந்து போகும் ஆள் அன்று வர முடியாமல் போகலாம். ஆடி, தை அமாவாசைக் கூட்டத்திலும் அதே நிலைதான். அந்த நாட்களுக்கு நடந்து வரும் தூரத்தில் இருப்பவரை அல்லது வீட்டிலேயே தங்குபவரைத்தான் பேச வேண்டும். தீபாவளியும் ஐப்பசியில்தான் வரும். வெடிச் சத்தத்துக்கு நாய் கதவைக் கிழித்துக்கொண்டு ஓடும், ஆகவே அந்த இரவில் ஆள் இல்லாமல் விடுவது கூடவே கூடாது.

கிளம்பும் முன், ஒரு வேளை உணவை எடை போட்டு ஒரு கவர் வீதம் கட்டி, தேதி எழுதுங்கள். எவ்வளவு மிச்சம் வைத்தது என்று அப்போதுதான் தெரியும். திரும்பி வரத் தாமதமானால் உதவும் என்று மூன்று கவர் கூடுதலாக வையுங்கள், பயணம் நீளும். மருத்துவர் எண், வர ஒப்புக்கொண்ட ஆட்டோக்காரர் எண், 1962 கால்நடை ஆம்புலன்ஸ் எண் ஆகியவற்றைச் சுவரில் ஒட்டுங்கள். "என்னைத் தொடர்புகொள்ள முடியாவிட்டாலும் சிகிச்சை தொடங்கலாம், செலவு என்னுடையது" என்று கையெழுத்துப் போட்ட தாளும், கவரில் கொஞ்சம் பணமும் அதோடு இருக்கட்டும். போனை எடுக்கும் வரை காத்திருந்ததால் வீணாகும் மணி நேரங்கள் அதிகம். உண்ணி மாத்திரையைக் கிளம்பும் நாளில் கொடுக்காமல் ஐந்தாறு நாள் முன்னால் கொடுங்கள், ஒத்துக்கொள்ளாமல் வாந்தி வந்தால் நீங்களே பார்ப்பீர்கள்.

திரும்பி வந்த அன்று காதுக்குள், விரலிடுக்கு, பட்டைக்கு அடியில், வாலடி என்று தடவி உண்ணி பாருங்கள். இருந்தால் இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும், கையால் நசுக்க வேண்டாம். அடுத்த இரண்டு வாரத்துக்குள் வறட்டு இருமல் வந்தால் மீன் முள் சிக்கியதாக நினைத்துச் சோற்றை உருட்டித் திணிக்கிறோம். போர்டிங்கிலிருந்து வந்த நாய் என்றால் அது கென்னல் காஃபாக இருக்க வாய்ப்பு அதிகம், மற்ற நாய்களிடமிருந்து பிரித்து வைத்து மருத்துவரைப் பாருங்கள். உண்ணிக்காய்ச்சல் காட்ட மூன்று வாரம் வரை ஆகும். அதுவரை தினமும் ஈறின் நிறத்தைப் பாருங்கள். வெளுத்திருந்தாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ, சோற்றை விட்டாலோ ரத்தப் பரிசோதனைக்கு எடுத்துப் போங்கள்.